இயக்கச்சிக் கிணறுகள்

பூன் லே

அன்புத் தம்பிக்கு,

உன் கட்டுரையில் ஒரு வரி என்னை விட மாட்டேன் என்கிறது. இலங்கை ராணுவம் வன்னிக்குள் படையெடுத்தது மண்ணாசையால், ஆகவே அது வஞ்சித்திணை என்று எழுதியிருக்கிறாய். திணை நினைவுக்கு வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் தேர்வுக்குப் படித்த திணையைக் கண்ட போரின் மீதெல்லாம் ஒட்டும் வழக்கம் உங்கள் வகுப்பில் பெருகிவிட்டது. அதை இப்போதே நிறுத்து.

வஞ்சி என்பது ஒரு வேந்தன் இன்னொரு வேந்தனின் மண்ணை விரும்பிப் போவது. கொழும்பு அரசோ வன்னி தன்னுடையது என்றே கடைசிவரை சொன்னது. விடுதலைப் புலிகள் காவல்துறையும் நீதிமன்றமும் நடத்தி வரி வாங்கிய கிளிநொச்சியில்கூட, பள்ளி ஆசிரியருக்கும் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலக ஊழியருக்கும் கொழும்புதான் சம்பளம் அனுப்பியது. தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஓர் அரசு, அங்கே இன்னொருவர் வழக்கு விசாரிப்பதைப் பொறுக்காது. முதல் காரணம் அது. ஆனால் ராணுவம் எந்த ஊரை, எந்த நாளில், ஏன் பிடித்தது என்று கேட்டால் அந்தக் காரணம் போதாது. அந்த மண்ணில் ஓடும் சாலையையும், கிடைக்கும் தண்ணீரையும், வாழும் மக்களையும் பார்க்க வேண்டும்.

ஆனையிறவை எடுத்துக்கொள். யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் ஒடுங்கிய தரைப்பாலம் அது. ஒல்லாந்தர் கோட்டை இருந்த இடம். சுற்றிலும் கடல்நீரேரி, உப்பளம். 1991 ஜூலையில் புலிகள் அங்கிருந்த ராணுவத் தளத்தை முற்றுகையிட்டபோது, ராணுவம் வெற்றிலைக்கேணியில் கடல்வழியாகப் படை இறக்கி அதைக் காப்பாற்றியது. 2000இல் புலிகள் வேறு வழியில் வந்தார்கள். மார்ச் கடைசியில் குடாரப்பில் கரையிறங்கி, தளத்துக்கு வடக்கே, யாழ்ப்பாணத்துக்குப் போகும் கண்டி வீதியை அறுத்தார்கள். பிறகு இயக்கச்சிக்குப் போனார்கள். வரைபடத்தில் இயக்கச்சி ஒரு புள்ளி. ஆனால் ஆனையிறவில் இருந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்த கிணறுகளிலிருந்துதான் போனது. சித்திரை வெயில், காலடியில் உப்பு. ஏப்ரல் 22ஆம் தேதி தளம் கைவிடப்பட்டது. கிளாலிக் கரையை நோக்கிப் பின்வாங்கிய சிப்பாய்கள் பலர் தாகத்தால் வழியில் சுருண்டு விழுந்தார்கள். எத்தனையோ பீரங்கிகளுக்கு நின்று பிடித்த தளம், கிணறு போனதும் போய்விட்டது.

நம் சிங்கப்பூரையும் நினைத்துப் பார். 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷார் மறித்து நிற்க நினைத்த கோடு, நம் ஜூரோங் ஆற்றுக்கும் கிராஞ்சி ஆற்றுக்கும் இடையே போனது. பிப்ரவரி 10ஆம் தேதியே அது கலைந்தது. ஐந்து நாளில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்தார். நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் கையில். நகரத்துக் குழாய்கள் குண்டுவீச்சில் உடைந்து தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தது. அது உள்நாட்டுப் போர் அல்ல, தெரியும். தண்ணீரின் கணக்கு எல்லாப் போரிலும் ஒன்றே என்பதற்காகச் சொன்னேன். இலங்கையின் கடைசிக் கட்டப் போரும் 2006 ஜூலையில் புலிகள் மாவிலாற்று மதகை மூடியதிலிருந்தே மூண்டது.

சாலையின் கதை வேறு. 1995 டிசம்பரில் யாழ்ப்பாண நகரைப் பிடித்த ராணுவம், அங்கிருந்த படைக்கு அரிசி முதல் தோட்டாவரை கப்பலிலும் விமானத்திலும் அனுப்ப வேண்டியிருந்தது. ஆகவே தரைவழி வேண்டும் என்று 1997 மே 13ஆம் தேதி வவுனியாவிலிருந்து 'ஜயசிக்குறு' என்ற படையெடுப்பு புறப்பட்டது. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று கண்டி வீதியில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஊர்ந்தது. மாங்குளம் கிடைத்த அதே நாட்களில், ராணுவம் முன்பே பிடித்திருந்த கிளிநொச்சி கைநழுவியது. ஓர் ஊரைப் பிடித்தால் அதைக் காக்க இன்னொன்று வேண்டியிருக்கும். பிடித்த ஒவ்வொன்றிலும் ஆள் நிறுத்தப் படை மெலியும். 1999 நவம்பரில் புலிகள் திருப்பி அடித்தபோது, அத்தனை மாத உழைப்பும் சில நாட்களில் போனது.

இனி மக்கள். 1995 அக்டோபர் 30ஆம் தேதி புலிகள் ஒலிபெருக்கியில் வெளியேறச் சொல்ல, யாழ்ப்பாண நகர் அடங்கிய வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். ராணுவம் யாழ்ப்பாணத்தின் வெற்றுத் தெருக்களில்தான் கொடியேற்றியது. ஆளில்லாத ஊரை வைத்துக்கொண்டு யாரை ஆள்வது? 1996 ஏப்ரலில் ராணுவம் தென்மராட்சிக்குள்ளும் புகுந்தது. மக்கள் திரும்பிய பிறகே யாழ்ப்பாணம் அரசின் கைக்கு வந்ததாகச் சொல்ல முடிந்தது.

அதனால்தான் உனக்குத் திணை ஒன்று வேண்டுமானால் வெட்சியை எடுத்துக்கொள் என்கிறேன். பகைவர் ஊரின் ஆநிரையைக் கவர்ந்து வருவது வெட்சி. மாடு அன்று ஊரின் வாழ்வு. வாழ்வு யார் பக்கம் இருக்கிறதோ, நிலம் அந்தப் பக்கம் சாயும். என் தமிழ் நண்பர்கள் இதை ஏற்பதில்லை, நான் விடப்போவதுமில்லை. உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் கவர நினைப்பது மக்களையே. 2009இல் அது எவ்வளவு கொடுமையாக முடிந்தது என்பதை, 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில் நீயே படி. புலிகள் மக்களை வெளியேற விடவில்லை என்பதும், அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் எறிகணை வீசியது என்பதும் அதில் உள்ளன. அதைப் படித்த பிறகும் 'மண்ணாசை' என்று எழுத உன் கை வராது.

போர் முடிந்தால் ராணுவம் ஏன் போவதில்லை என்று கடைசியில் கேட்டிருந்தாய். ஒரு வான்தளத்தையோ துறைமுகத்தையோ காக்க அதைச் சுற்றியுள்ள ஊர்களை வளைத்துக்கொள்வார்கள். காவல் பழகிவிட்டால் காணியை விட மனம் வராது. பலாலியை ஒட்டிய மயிலிட்டியை 1990இல் விட்டு ஓடிய மீனவக் குடும்பங்களுக்கு, போர் முடிந்து எட்டு ஆண்டு கழித்து, 2017 ஜூலையில்தான் துறைமுகம் திரும்பக் கிடைத்தது. அதன் பிறகும் வலிகாமம் வடக்கில் பலர் தங்கள் காணிக்காகக் காத்திருந்தார்கள்.

அன்புடன்,
உன் ஆசிரியர்