தேதி மாற்றிய மாத்திரை

கேள்வி: டாக்டர் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் தருகிறார்கள். அட்டையில் காலாவதித் தேதி இருந்த இடம் சுரண்டிக் கிடக்கிறது. புகார் செய்தால் வழக்கு நிற்குமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: நிற்கும். 2010 மார்ச்சில் சென்னையில் காலாவதி மருந்துக் கும்பல் பிடிபட்டதே! கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போன சரக்கு புதுத் தேதியோடு கடைக்குத் திரும்பியது, வியாபாரிகள் கைதானார்கள். லேபிளில் பொய் இருந்தாலே 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி குற்றம். சீட்டில்லாமல் விற்பது தனிக் குற்றம். சில ஆன்டிபயாடிக்குகளும் அடங்கிய எச்1 பட்டியல் மருந்தென்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எழுதிய பதிவேட்டைக் கடைக்காரர் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எத்தனை கடையில் இருக்கிறதோ!

“பில் வேண்டாம், விலை குறைச்சுத் தாரேன்” என்பார்கள். மயங்காதீர்கள், பேட்ச் எண் போட்ட பில்தான் உங்கள் சாட்சி. மாத்திரையை விழுங்காமல், அட்டையோடும் பில்லோடும் மருந்து ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.