கொல்லைத் தொட்டியில் தங்கமீன்

சென்னை கொளத்தூருக்குப் போகிறவர்கள் பலரும் பிளாஸ்டிக் பையில் நாலு தங்கமீனோடு வீடு திரும்புகிறார்கள். தொட்டியைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான் வருகிறது. முதலில் தொட்டி, பிறகு தண்ணீர், செடி. மீன் கடைசியில்தான் வரவேண்டும்.

காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் பட்டு, உச்சி வெயில் படாத மூலையாகப் பாருங்கள். மரத்தடி வேண்டாம், உதிரும் இலை தண்ணீரில் அழுகும். ஐந்தடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்று கட்டினால் சுமார் 1,400 லிட்டர் பிடிக்கும். ஆழத்தைக் குறைக்காதீர்கள். ஓரடித் தண்ணீர் சித்திரை வெயிலில் கொதித்துப் போகும். சூடு ஏற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். விளிம்பைத் தரையிலிருந்து ஓரடியாவது உயர்த்துங்கள். மேலே ஓர் ஓட்டை போட்டு வலை கட்டிவிட்டால் ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பினாலும் மீன் வெளியே போகாது.

புது சிமெண்ட் தொட்டியில்தான் நான் தவறு செய்தேன். கட்டி முடித்த மூன்றாம் நாளே ஆறு மீன் விட்டேன். மறுநாள் காலை ஆறும் மிதந்தன. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தொட்டியை நிரப்பி, வாழைமட்டையை வெட்டிப் போட்டு ஊறவிடுங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை முழுவதும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். மூன்று வாரமாவது இப்படிச் செய்து, கடைசியில் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். 7க்கும் 8க்கும் இடையில் நின்றால் போதும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியை ஊற்றிக்கொள்ளுங்கள். மண்சட்டியில் அல்லி, ஒரு கைப்பிடி வேலம்பாசி வையுங்கள். ஆகாயத்தாமரை வேண்டவே வேண்டாம், தொட்டியையே மூடிவிடும்.

மீனில் ஒற்றை வால் உள்ள காமெட் வகையே வெளித் தொட்டிக்கு ஏற்றது. உருண்டை உடம்பும் இரட்டை வாலும் உள்ளவை மெல்ல நீந்தும், மீன்கொத்திக்கு எளிதில் இரையாகும். காமெட் ஓரடி வரை வளரக்கூடியது. இந்தத் தொட்டிக்கு ஐந்து போதும். முதலில் இரண்டை மட்டும் விடுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதனால் தொட்டியில் பில்டர் ஒன்று வேண்டும். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா அந்த பில்டர் பஞ்சில் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தெரிந்தவர் வீட்டு ஆரோக்கியமான தொட்டியிலிருந்து பழைய பஞ்சுத் துண்டு கிடைத்தால் வாங்கிப் போடுங்கள், சீக்கிரம் பெருகும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். மீன் வந்ததும் பையைக் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்த பிறகே விடுங்கள்.

தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குத்தான். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். இறைத்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல உரம். பூனைக்கும் கொக்குக்கும் மேலே வலை போதும். மீன் பெருகிவிட்டால் ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள், கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

கோடையில் விடியற்காலையில் ஒருமுறை தொட்டியைப் பாருங்கள். இரவெல்லாம் செடிகளும் ஆக்சிஜனை இழுப்பதால் அந்த நேரத்தில்தான் அது மிகக் குறைவு. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டு உயரத்திலிருந்து பத்து முறை ஊற்றுங்கள். அன்றைக்கே ஏர் பம்ப் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.