மார்பின் மாத்திரையும் அதை எடுத்துக் கொடுப்பவரும்

டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை நம் மக்கள் மருந்து வாங்கும் இடத்தில்தான் கேட்கிறார்கள். புற்றுநோய் வலிக்கு மார்பின் எழுதிய சீட்டோடு வருபவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். பின்னால் நிற்பவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "இது அந்தப் போதை மருந்துதானே சார்?" என்பார்கள். அந்த இடத்தில் மருந்தாளுநர் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் மாத்திரை நோயாளியின் வாய்க்குப் போகும். ஒதுக்காவிட்டால் பிரிக்காத அட்டையாக அலமாரியில் கிடக்கும்.

நம்பிக்கை: மார்பின் கொடுத்தால் டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம்.

இல்லை. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து மார்பின் கொடுப்பதில்லை, வலி எவ்வளவு என்று பார்த்தே கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கான படிப்படியான சிகிச்சை முறையை வெளியிட்டது. கடும் வலிக்கு அதில் சொல்லப்பட்ட முதன்மையான மருந்து, வாய்வழி மார்பின். கதிர்வீச்சுக்குப் பிறகு கட்டி சுருங்கி வலி தணிந்தால் அளவைக் குறைத்து, நிறுத்தியும் விடுவார்கள். சரியான அளவில் கொடுக்கும் மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலி அடங்கியவர் இரவு தூங்குகிறார், நாலு வாய் சாப்பிடுகிறார்.

இந்தப் பயத்தை வளர்த்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கடும் தண்டனைகளுக்கும், ஒரே மருந்துக்குப் பல உரிமங்கள் கேட்ட நடைமுறைக்கும் அஞ்சி மருத்துவமனைகள் மார்பினை வாங்குவதையே விட்டன. அரசே உரிமம் கொடுத்து மருந்துக்காக அபின் பயிரிடும் நாட்டில், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் மார்பின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. எத்தனை பேர் வலியில் துடித்துப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் ஆறவில்லை. அந்தச் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தம் மார்பின், அதே வகை வலி மருந்தான பென்டனில் உள்ளிட்ட சில மருந்துகளுக்கான நடைமுறையை எளிதாக்கியது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இவற்றை வாங்கி வைத்து, பதிவேட்டில் கணக்கெழுதி நோயாளிக்குக் கொடுக்கலாம். பக்கத்து மெடிக்கலில் கிடைக்கவில்லை என்பதால் மார்பின் தடை செய்யப்பட்ட மருந்தாகிவிடாது.

நம்பிக்கை: ஒருமுறை தொடங்கினால் அடிமையாகிவிடுவார்கள்.

சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம் வரும். உடம்பு மருந்துக்குப் பழகியதன் விளைவு இது. அளவைப் படிப்படியாகக் குறைத்தால் வராது. கெடுதல் தெரிந்தும், வலி இல்லாதபோதும் மருந்தைத் தேடி அலைவதுதான் அடிமைத்தனம். புற்றுநோய் வலிக்குக் கண்காணிப்போடு மார்பின் சாப்பிடுபவர்களிடம் அது குறைவு. ஆனால் அறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அப்படிச் சொல்லித்தான் மார்பின் வகை மருந்தான ஆக்ஸிகோடோனைச் சாதாரண முதுகுவலிக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். அதன் விலையை அந்த நாடு இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. குடிப்பழக்கமோ போதைப் பழக்கமோ இருந்தவரா என்று மருந்தாளுநர் கேட்டால் அவமானமாக நினைக்க வேண்டாம். அப்படிப்பட்டவருக்கும் வலிக்கு மருந்து உண்டு. ஒரு மாத மாத்திரையை மொத்தமாகத் தராமல் வாரத்துக்கு ஒருமுறை தருவார்கள், அவ்வளவுதான்.

நம்பிக்கை: வலி தாங்க முடியாதபோது மட்டும் போட்டால் போதும்.

சாதாரண மார்பின் மாத்திரையின் பலன் நான்கு மணி நேரம்தான் நிற்கும். வலி திரும்பும்வரை காத்திருந்தால், ஒவ்வொரு முறையும் அதை அடக்கப் போராட வேண்டியிருக்கும். அதனால்தான் மருந்து உறையில் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று எழுதி, இரவு 10-க்கு எதிரே மட்டும் இரண்டு மாத்திரை என்று எழுதித் தருவது வழக்கம். நடு இரவில் நோயாளியை எழுப்பாமல் இருக்கத்தான் அந்த இரட்டிப்பு. எழுத்து தெரியாதவர் வீட்டுக்கு உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கலாம். பன்னிரண்டு மணி நேர மாத்திரை வேறு ரகம். மூக்குக் குழாய் போட்டவருக்கு அதைப் பொடித்துக் கரைத்து ஊற்றினால், அரை நாளுக்கான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். உயிருக்கே ஆபத்து. குழாய் வழியாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் மருந்து வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நம்பிக்கை: வயிறு கட்டிக்கொண்டது, அதனால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை.

குமட்டலும் மயக்கமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கும். மலச்சிக்கல் அடங்காது, மருந்து உள்ளவரை கூடவே இருக்கும். முதல் நாளிலிருந்தே பிசகோடைல், சென்னா போன்ற மலமிளக்கியும் தினமும் வேண்டும். மார்பினோடு அது வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வாழைப்பழம் மட்டும் போதாது. குமட்டலுக்கு வழக்கமாகப் போடும் ஒண்டன்செட்ரான்கூட மலச்சிக்கலைக் கூட்டும்.

நம்பிக்கை: மாத்திரையை எண்ணிக் கொடுப்பதோடு மருந்தாளுநர் வேலை முடிந்தது.

வீட்டில் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை டாக்டர் முழுதாக அறிந்திருக்கமாட்டார். தூக்கத்துக்கு அல்பிரசோலம் ஒருவர் எழுதியிருப்பார், நரம்பு வலிக்கு ப்ரிகாபலின் இன்னொருவர். மார்பினோடு இவையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்பினின் கழிவு உடம்பிலேயே தேங்கும். டிரமடால் என்ற வலி மாத்திரை பலவற்றில் பாரசிட்டமாலும் சேர்ந்திருப்பது தெரியாமல், காய்ச்சலுக்குத் தனியாக இன்னொன்று போட்டு அளவை மீறியவர்கள் உண்டு. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். எழுப்பினாலும் விழிக்காமல், மூச்சு மிக மெதுவாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மார்பினை முறிக்க நாலோக்சோன் என்ற ஊசி இருக்கிறது.

தோலில் பென்டனில் பேட்ச் ஒட்டியிருப்பவருக்கு அந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக இறங்கும். மூன்று நாள் கழித்து எடுத்த பேட்சிலும் மருந்து மிச்சமிருக்கும் என்பதால், ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அகற்றுங்கள். மிஞ்சிய மாத்திரைகளைத் தெருவில் இன்னொரு நோயாளிக்கு உதவட்டும் என்று கொடுத்துவிடாமல், வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பி ஒப்படையுங்கள்.