கிராஃப்ட் கிளாஸ் எடுக்கக் கிளம்பும் முன்

ஆண்டுத் தேர்வு நெருங்கினால் போதும், செம்பூர், மாட்டுங்கா சொசைட்டி நோட்டீஸ் போர்டுகளில் சம்மர் கேம்ப் போஸ்டர் ஏறிவிடும். களிமண், காகிதம், பெயின்ட் என்று பிள்ளைகளை உட்கார வைக்க ஆள் தேடுவார்கள். தாராவியிலிருந்து அந்த வேலைக்குப் போக நினைக்கிறீர்களா? நீங்கள் எவ்வளவு அழகாக வரைவீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. இருபது பிள்ளைகளை ஒரு மணி நேரம் சண்டை இல்லாமல் வைத்திருந்து, ஆளுக்கொரு பொருளோடு வீட்டுக்கு அனுப்பத் தெரிந்தவருக்குத்தான் மறுபடி அழைப்பு வரும்.

1. நேரத்தைக் கணக்குப் போட்டுவிட்டு அயிட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பச்சைக் களிமண் பொம்மை ஒரே நாளில் காயாது. அதன்மேல் பெயின்ட் அடிக்கவும் முடியாது. தாராவி கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் வம்சம் இன்றும் சூளை போடுகிறது. அங்கே சுட்ட அகல் விளக்குகளை மொத்தமாக வாங்கிப் போங்கள். பிள்ளைகள் வண்ணம் தீட்டினால் போதும், ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். தீபாவளி சமயத்துக் கிளாஸ் என்றால் அதற்கு முந்தைய வாரம் போய் நிற்காதீர்கள். நல்லவற்றை வியாபாரிகள் அள்ளியிருப்பார்கள்.

2. ஆளுக்கொரு கிட் போடுங்கள். சண்டை எப்போதும் கத்தரிக்கோலில்தான் ஆரம்பிக்கும். முனை மழுங்கிய கத்தரி, தண்ணீரில் கழுவினால் போகும் பெயின்ட், கூடுதலாக இரண்டு செட். குப்பையில் கிடைத்த பிளாஸ்டிக்கைக் குழந்தை கையில் தராதீர்கள். முன்பு அதில் என்ன இருந்ததோ.

3. பேச்சைக் குறையுங்கள். ஒரே பாயில் தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் உட்கார்ந்திருக்கும். செய்து காட்டுங்கள், ஒரு தடவைக்கு ஒரு ஸ்டெப்.

4. பிள்ளையின் வேலையை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். இருபது யானையும் ஒரே மாதிரி இருந்தால் செய்தது யார் என்று அம்மாக்களுக்குத் தெரியும். கோணல் யானைதான் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஏறும். போட்டோ எடுக்க வேண்டுமானால் பெற்றோரைக் கேளுங்கள். முகம் வேண்டாம், கைகள் போதும். போர்ட்ஃபோலியோவுக்கு அதுவே எடுப்பாக இருக்கும்.

5. சர்டிஃபிகேட் இருந்தால் மறைக்காதீர்கள். மகாராஷ்டிர கலை இயக்ககம் நடத்தும் எலிமென்டரி, இன்டர்மீடியட் டிராயிங் தேர்வுகளை இங்குள்ள பெற்றோர் நன்றாக அறிவார்கள். பாஸ் செய்திருந்தால் பயோடேட்டாவின் முதல் வரியில் போடுங்கள். பள்ளியில் நிரந்தர வேலைதான் குறி என்றால் ஆர்ட் டீச்சர் டிப்ளமோ பக்கம் போங்கள்.

6. தாராவி அட்ரஸைச் சொல்லத் தயங்காதீர்கள். 2015இல் சினேகா என்ற தொண்டு நிறுவனம் தாராவி பியனாலே என்ற கலைக் கண்காட்சியை நடத்தியது. இங்குள்ளவர்கள் பட்டறைகளில் உட்கார்ந்து செய்த படைப்புகளே அங்கே காட்சிக்கு வந்தன. தாராவி ஆர்ட் ரூம் என்ற அமைப்பு பெண்களோடும் குழந்தைகளோடும் கலைவேலை செய்துவருகிறது. இப்படிப்பட்ட இடத்தில் சில மாதம் தன்னார்வலராக உழைத்தால் பிள்ளைகளைச் சமாளித்த அனுபவம் கைக்கு வரும். கிளாஸில் என்ன செய்வது என்ற ஐடியாவுக்கும் பஞ்சமே இல்லை: 2018இல் பத்மஸ்ரீ பெற்ற அர்விந்த் குப்தா, தீக்குச்சியிலும் பழைய செய்தித்தாளிலும் செய்யும் பொம்மைகளை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறார்.

7. ஃபீஸ் வேறு, மெட்டீரியல் செலவு வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்து, மெட்டீரியல் பணத்தை முன்கூட்டியே வாங்குங்கள். 'முதல் தடவை ஃப்ரீயா பண்ணுங்களேன்' என்பவர் இரண்டாம் தடவையும் அதையேதான் சொல்வார்.

சொசைட்டி செக்ரட்டரியைப் பிப்ரவரியிலேயே போய்ப் பாருங்கள். ஏப்ரலில் போனால் வேறொருவர் அட்வான்ஸ் வாங்கியிருப்பார்.