தைராய்டை எடுத்த பிறகு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

செகந்திராபாத் பத்மாராவ் நகரில் என் சித்தி இருக்கிறார். தைராய்டு முழுவதையும் எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மழைக்காலத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, சாப்பாட்டு மேசையில் மூன்று ரிப்போர்ட்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்து, "இதுல எதுடா நிஜம்?" என்று கேட்டார். முதல் தாளில் டிஎஸ்எச் 74. இரண்டாவதில் 0.21. மூன்றாவதில் 9.6. மூன்றும் தடித்த எழுத்தில். ஒன்றுகூட 'நார்மல்' இல்லை.

மூன்றுமே நிஜம்தான். முதல் இரண்டும் மருத்துவர்கள் வேண்டுமென்றே வரவழைத்த எண்கள். மூன்றாவது எண் மட்டும் சித்தி தானாகச் செய்த ஒரு காரியத்தால் வந்தது. இரண்டாவது ரிப்போர்ட்டைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, மாத்திரை அதிகமாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். சித்தியும் பயந்துபோய் வாரத்தில் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். அவருக்கு அன்று சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆபரேஷன் ஃபைலை எடுங்கள்

ரத்த ரிப்போர்ட்டைத் தொடுவதற்கு முன், டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேள்விகளுக்கு அவற்றில் பதில் இருக்கும். தைராய்டை முழுதாக எடுத்தார்களா, ஒரு பக்கம் மட்டுமா? எடுத்தது புற்றுநோய்க்காகவா, சாதாரணக் கட்டிக்காகவா?

ஒரு பக்கம் மட்டும் எடுத்திருந்தால் மீதிப் பாதியே பலருக்குப் போதுமான ஹார்மோனைச் சுரந்துவிடும். மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். முழுதாக எடுத்தவர்களுக்கு லெவோதைராக்சின் மாத்திரை (எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்றெல்லாம் கடையில் கிடைப்பது) ஆயுள் முழுக்க வேண்டும். தோராயமாக ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 மைக்ரோகிராம் என்று தொடங்கி, பிறகு ரத்தத்தைப் பார்த்துக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

இந்த மாத்திரை எவ்வளவு பெரிய வரம் என்பதைப் பழைய மருத்துவ வரலாறு காட்டுகிறது. சுவிட்சர்லாந்தின் தியோடர் கோஹர் தைராய்டு அறுவைச் சிகிச்சையில் கைதேர்ந்தவர், 1909-இல் நோபல் பரிசு பெற்றவர். தான் முழுதாக எடுத்துவிட்ட நோயாளிகளில் பலர் மெல்ல மெல்ல மந்தமாகி, உடல் ஊதி, சோர்ந்துபோனதை அவரே 1883-இல் எழுதினார். அன்று அவர்களுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. 1891-இல்தான் இங்கிலாந்தில் ஆட்டுத் தைராய்டின் சாறு முதன்முதலாக ஊசி வழியே செலுத்தப்பட்டது.

டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதில்லை

குழப்பத்தின் வேர் இங்கேதான். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி குரலை உயர்த்தும், டிஎஸ்எச் ஏறும். ஹார்மோன் போதுமான அளவுக்கு மேல் இருந்தால் குரலைத் தாழ்த்தும், டிஎஸ்எச் இறங்கும். ஆகவே டிஎஸ்எச் கூடியிருந்தால் மாத்திரை போதவில்லை என்று பொருள், குறைந்திருந்தால் மாத்திரை தூக்கல் என்று பொருள். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

வலது ஓரத்து வரம்பு உங்களுக்காக அச்சிட்டதல்ல

ரிப்போர்ட்டின் ஓரத்தில் 0.4 முதல் 4 வரை என்று ஏறக்குறைய ஒரு வரம்பு இருக்கும். அது தைராய்டு உள்ளவர்களை வைத்துப் போட்ட கணக்கு. சாதாரணக் கட்டிக்காக எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வரம்பே இலக்கு. புற்றுநோய்க்காக எடுத்தவர்களுக்கு அப்படியல்ல. மிச்சம் மீதி செல்கள் இருந்தால் டிஎஸ்எச் அவற்றை வளரத் தூண்டும் என்பதால், அதை வேண்டுமென்றே தாழ்த்தி வைப்பார்கள். ஆபத்து குறைவானவர்களுக்கு 0.5 முதல் 2 வரை, நடுத்தரமானால் 0.1 முதல் 0.5 வரை, அதிகமானால் 0.1-க்கும் கீழே. புற்றுநோய்க்காக எடுத்த சித்தியின் 0.21 அந்த நடு வரிசையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. லேப் கணினிக்கு அது தெரியாது. 'குறைவு' என்று குறி போட்டுவிட்டது.

இந்த இலக்கு நிரந்தரமும் அல்ல. வருடக்கணக்கில் டிஎஸ்எச் அடிமட்டத்தில் இருந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். அதனால் பின்தொடர் பரிசோதனைகள் நல்லபடியாக வந்தால் மருத்துவர் இலக்கைத் தளர்த்துவார். ஒவ்வொரு முறையும் "என் டிஎஸ்எச் இப்போ எதுக்குள்ள இருக்கணும்?" என்று கேட்டு, அந்த எண்ணை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இனி அந்த 74. புற்றுநோய்க்காக முழுதாக எடுத்த பிறகு, மிச்ச செல்களை அழிக்கச் சிலருக்கு ரேடியோ அயோடின் கொடுப்பார்கள். அயோடினை மிச்ச செல்கள் நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் டிஎஸ்எச் 30-க்கு மேல் ஏற வேண்டும். அதற்காக மூன்று நான்கு வாரம் மாத்திரையை நிறுத்தி வைப்பார்கள், அல்லது அதற்கென்று இருக்கும் ஊசியைப் போடுவார்கள். அந்த நேரத்து ரிப்போர்ட்டில் 60, 80, 100 என்று வந்தால் சிகிச்சை திட்டப்படி நடக்கிறது என்று அர்த்தம்.

ரத்தம் கொடுத்த நாள் எது?

லெவோதைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும். பிட்யூட்டரி அதைவிட நிதானம். டோஸை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுக்கும் டிஎஸ்எச்தான் பேசும். பத்தாம் நாள் ஆவலில் எடுத்த ரிப்போர்ட்டை நம்பி மறுபடி டோஸை மாற்றினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

காலையில், கூடுமானவரை ஒரே லேபில், மாத்திரை போடுவதற்கு முன்பு ரத்தம் கொடுங்கள். மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 (ரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் இருக்கும் தைராய்டு ஹார்மோன்) தற்காலிகமாக ஏறி நிற்கும். மாத்திரையைக் கைப்பையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்ததும் போட்டுக்கொள்ளலாம்.

லேபை மாற்றினால் அலகையும் பாருங்கள். ஒரு லேப் ஃப்ரீ டி4 அளவை டெசிலிட்டருக்கு 1.3 நானோகிராம் என்று தரும். இன்னொன்று அதையே லிட்டருக்கு 16.7 பிகோமோல் என்று தரும். இரண்டும் ஒன்றே. 'டோட்டல் டி4' என்பதோ வேறொரு பரிசோதனை, அதில் 8, 9 என்று வருவது இயல்பு.

ஒன்றோடொன்று முட்டும் எண்கள்

டிஎஸ்எச் அதிகம், ஃப்ரீ டி4 நார்மல் அல்லது சற்றே கூடுதல்: நாட்கணக்கில் மாத்திரையை மறந்துவிட்டு, பரிசோதனை வருகிறதே என்று கடைசி ஒரு வாரம் ஒழுங்காகப் போட்டவர்களுக்கு இப்படி வரும். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்தால் டோஸ்தான் ஏறும்.

ஒழுங்காகப் போட்டும் டிஎஸ்எச் ஏறுகிறது: மாத்திரை உடம்பில் சேரவில்லையா என்று பாருங்கள். ஹைதராபாத்தில் இதற்கு வழிகள் ஏராளம். மாத்திரையை வாயில் போட்ட கையோடு ஃபில்டர் காபியோ பால் தளதளக்கும் இரானி சாயோ குடித்தால் உறிஞ்சல் குறையும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரம்ஜான் நோன்பு இருப்பவர்கள் இரவு படுக்கும் நேரத்துக்கு மாற்றலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நாற்பது டிகிரி தாண்டும் மே மாதத்தில் பாட்டிலை ஸ்கூட்டர் டிக்கியிலும் அடுப்புப் பக்கத்து அலமாரியிலும் வைக்காதீர்கள். சூடு இந்த மருந்தைக் கெடுக்கும்.

டிஎஸ்எச் நார்மல், ஃப்ரீ டி4 சற்று மேலே, டி3 சற்றுக் கீழே: மாத்திரை தருவது டி4 மட்டுமே. டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோனை உடம்பு அதிலிருந்து தயாரித்துக்கொள்ள வேண்டும். சுரப்பி நேரடியாகத் தந்துவந்த டி3 இப்போது இல்லை. ஆகவே இது முழுதாக எடுத்தவர்களிடம் சாதாரணமாகக் காணும் படம்.

உடம்பு நன்றாக இருக்கிறது, ரிப்போர்ட் மட்டும் மாத்திரை மிக அதிகம் என்கிறது: முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? சில இயந்திர முறைகளில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். அதிக டோஸ் என்றால் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தைரோகுளோபுலின்: புற்றுநோய்க்காக எடுத்தவர்களுக்கு

தைரோகுளோபுலின் என்ற புரதத்தைச் சுரப்பது தைராய்டு செல்கள் மட்டுமே. முழுதாக எடுத்து ரேடியோ அயோடினும் கொடுத்தாகிவிட்டால் இது மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமுக்கும் கீழே, கண்டறிய முடியாத அளவில் இருப்பதுதான் நாம் வேண்டுவது. பாதித் தைராய்டு உள்ளவர்களுக்கு ஓரளவு இருக்கத்தான் செய்யும்.

கூடவே ஆன்டி தைரோகுளோபுலின் எதிரணுவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது இருந்தால் தைரோகுளோபுலின் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், அந்தக் குறைந்த எண்ணை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. ஒற்றை எண்ணைவிட, வரிசையாக வந்த எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பதுதான் முக்கியம். பஞ்சாகுட்டா நிம்ஸ் போன்ற எண்டோகிரைனாலஜி, நியூக்ளியர் மெடிசின் இரண்டும் உள்ள மருத்துவமனைக்குப் போகிறவர்கள் பழைய ரிப்போர்ட் ஒன்றையும் தூக்கிப் போடாமல் தேதிவாரியாகக் கொண்டுபோங்கள்.

கால்சியத்தை மறக்காதீர்கள்

தைராய்டின் முதுகோடு ஒட்டியபடி அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ஆபரேஷனில் அவை அதிர்ந்துபோனால் கால்சியம் இறங்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போல இருந்தாலோ கை விரல்கள் இழுத்துக்கொண்டாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். படபடப்பு, நெஞ்சுவலி, எழுப்பினாலும் தெளியாத மயக்கத் தூக்கம் ஆகியவற்றுக்கும் அப்படியே. கர்ப்பம் என்று தெரிந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள், டோஸ் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும்.

சித்தி இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறார். தேதி, டோஸ், டிஎஸ்எச், தைரோகுளோபுலின், கால்சியம் என்று ஐந்து கட்டங்கள். மருத்துவர் பழைய டோஸையே தினமும் போடச் சொல்லிவிட்டார். போன வாரம் காலை ஆறரைக்கு ஃபோன் வந்தது. "இன்னியோட எட்டு வாரம் ஆச்சுடா. லேபுக்குக் கிளம்பிட்டேன். காபி குடிக்கல, மாத்திரை பைக்குள்ள இருக்கு."