வேரறிந்து காத்தல்

காஞ்சி ஏகாம்பரநாதர் திருக்கோயிலின் தலமரம் மா. 3,500 ஆண்டு கண்டதெனப் போற்றப்பெற்ற முதுமரத்தின் அடித்தண்டு இன்று கண்ணாடிப் பேழையுள் காக்கப்பெறுகிறது. அதனிடத்தே இளமா தழைத்து நிற்கிறது. ஊரார் மரத்தை ஊரார் காப்பர். நம் வீட்டுத் தொட்டியில் வாடும் துளசியை நாமன்றோ காத்தல் வேண்டும்?

இலை வெளிறக் கண்டதும் மேன்மேலும் நீர் பெய்வோர் உளர். நோய் பெரும்பாலும் வேரில் உள்ளது. நெடுநாள் ஒரே தொட்டியில் வளரும் செடியின் வேர்கள் வழியின்றிச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். மிகைநீர் மண்ணிலுள்ள காற்றைப் போக்குதலின், அவை மூச்சின்றி அழுகும்.

ஆதலின், மாலையில் செடியை மண்ணோடு மெல்ல எடுத்து, அழுகிய வேரைக் களைக. சற்றே பெரிய தொட்டியின் அடித்துளைமீது ஓட்டுச்சில்லை வைத்து, செம்மண், மணல், மக்கிய எரு ஆகியன கலந்து நடுக. சின்னாள் நிழலில் வைத்து, பின்னர் வெயிலுக்குக் கொணர்க. புதுத்தளிர் தோன்றுமுன் வேறு உரம் இடற்க. புண்பட்ட வேர் அதனைத் தாங்காது.

மாணவர்களே! வாட்டம் புறத்தே தோன்றினும் அதன் காரணம் அகத்தே இருக்கும். அதனை ஆராய்ந்து தீர்ப்பதே உயிரோம்பும் முறையாகும்.