கடப்பாரை எடுக்குமுன் அனுமதி
மரக் கொட்டகை போடுவோர் கவனிக்க வேண்டியவை

அறுவடை முடிந்து கையில் சிறிது காசு புரளும் தை, மாசி மாதங்களில் பல விவசாயிகள் மாட்டுக் கொட்டகை, உரக் கொட்டகை, கருவிகள் வைக்கும் கொட்டகை ஆகியவற்றைப் போட முனைகின்றனர். "சொந்த நிலம், சொந்த மரம், யாரைக் கேட்க வேண்டும்?" என்ற எண்ணம் எழுவது இயல்பே. இந்த எண்ணத்தால் ஏற்பட்ட நட்டம் ஒன்றை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

பயிற்சி முகாமுக்காக ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தபோது, இரண்டு ஏக்கர் வைத்திருந்த விவசாயி ஒருவர் தாம் போட்ட எட்டுக்கால் கொட்டகையைக் காட்டினார். கால்கள் யாவும் வைரம் பாய்ந்த பனை. நான்கு கறவை மாடுகள் நின்றன. நானும் பாராட்டிவிட்டு வந்தேன். மறு ஆண்டு சென்றபோது தெற்கு வரிசையில் நான்கு கால்களைக் காணோம். ஓடையைத் தூர் வார நிலத்தை அளந்தபோது, அவை ஓடைப் புறம்போக்கில் நின்றது தெரிய வந்ததாம். வேலி வரை தம் நிலம் என்று தந்தை காலம் தொட்டு நம்பியிருந்தார். மரம் மிஞ்சியது. கூலியும் ஓடும் வீணாயின. அந்த மழைக்காலம் முழுதும் மாடுகள் நனைந்தன. கொட்டகையைப் பாராட்டிய நான், "இடத்தை அளந்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் இப்போது கேட்கிறேன்.

இடம் யாருடையது?

முதலில் பட்டா, சிட்டா, புலப்படம் மூன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இவற்றை இன்று இணையத்திலேயே பெறலாம். புலப்படத்தில் உள்ள எல்லை அளவுகளை நிலத்தோடு ஒத்துப் பார்க்கவும். வேலியும் வரப்பும் எல்லைக்குச் சான்று ஆகா. ஐயம் இருந்தால் கட்டணம் செலுத்தி நில அளவைக்கு விண்ணப்பித்து, அண்டை நிலத்தாரையும் வைத்துக்கொண்டு கல் நடவும். ஏரி, ஓடை, வாய்க்கால் ஓரங்களில் கூடுதல் கவனம் தேவை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் ஆக்கிரமிப்பை அகற்ற அதிகாரம் தருகின்றன. கட்டி முடித்த கொட்டகை என்பதற்காக விலக்குக் கிடைக்காது.

மேலே கம்பி போகிறதா?

பம்பு செட்டுக்கு வரும் கம்பி பல வயல்களின் குறுக்கே செல்கிறது. மின் பாதுகாப்பு விதிகளின்படி, வீடுகளுக்கும் பம்பு செட்டுகளுக்கும் வரும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் கூரையின் உச்சிக்கும் இடையே 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 கிலோ வோல்ட் கம்பியானால் 3.7 மீட்டர். பக்கவாட்டில் இவ்விரண்டுக்குமே குறைந்தது 1.2 மீட்டர், அதாவது சுமார் நான்கடி. கோடையில் கம்பி தொய்யும் என்பதையும், கூரை வேய்பவர் உச்சியில் ஏறி நிற்பார் என்பதையும் நினைவில் கொள்க. கம்பியை மாற்ற வேண்டுமானால் மின்வாரியத்தில் மனுக் கொடுத்து, மாற்றிய பின்னரே கால் நட வேண்டும்.

மரத்தை வெட்டலாமா?

பட்டா நிலத்தில் நின்றாலும் எல்லா மரங்களையும் விருப்பம் போல் வெட்ட இயலாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஆகவே காலுக்கும் கைமரத்துக்கும் பனையை நம்பியிருப்போர் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது. சந்தன மரத்தை வனத்துறை வழியாக அன்றி வெட்டக் கூடாது. அறிவிக்கப்பட்ட மலைப் பகுதிகளில் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரம் வெட்ட அதற்கான குழுவின் அனுமதி தேவை. வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றிச் செல்லவும் சில மரங்களுக்கு வனத்துறையின் கடவுச்சீட்டு வேண்டும். உங்கள் மரம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டறியலாம். சிறு கொட்டகைக்குச் சவுக்குக் கழிகளே போதும். அடிப்பகுதி மண்ணில் படாமல் கல்லின் மேல் நிறுத்தினால் கரையான் எளிதில் ஏறாது.

ஊராட்சியில் என்ன கேட்க வேண்டும்?

கிராமங்களில் கட்டட அனுமதி 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வழங்கப்படுகிறது. கொட்டகையின் அளவு, பயன், இடம் ஆகியவற்றைப் பொறுத்து நடைமுறை மாறும். எனவே வாய்மொழியாக "போட்டுக்கொள்ளுங்கள்" என்று யார் சொன்னாலும் அதோடு நிற்காமல், மனுவாக எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறவும். மனுவுடன் பட்டா நகலும் ஒரு வரைபடமும் இணைக்க வேண்டும். வரைபடத்தில் பின்வருவன இருத்தல் அவசியம்:

1. வடக்குத் திசைக் குறியும் சர்வே எண்ணும்.
2. கொட்டகையின் நீளம், அகலம், உயரம்.
3. நான்கு எல்லைகளிலிருந்தும் உள்ள தூரம்.
4. பாதை, கிணறு, வாய்க்கால், மின்கம்பி இருக்கும் இடங்கள்.
5. கால், கூரை எந்தப் பொருளால் ஆனவை என்பதும், கொட்டகையின் பயனும்.

பயனை உள்ளது உள்ளபடி எழுதுக. மாட்டுக் கொட்டகை என்று எழுதிவிட்டுப் பின்னர் கடையாக மாற்றினால் புதிதாக அனுமதி பெற வேண்டி வரும். மரமும் கீற்றும் எளிதில் தீப்பற்றுபவை. அதனால் வைக்கோல் போர், அடுப்பு, அண்டை வீட்டுக் கூரை ஆகியவற்றிலிருந்து நன்கு விலகி இடம் தேர்ந்தெடுக்கவும்.

இவற்றுக்குச் சில நாட்கள் அலைய நேரிடலாம். நட்ட காலைப் பிடுங்கும் செலவை எண்ணினால் அந்த அலைச்சல் பெரிதன்று. மனு நகல், ஒப்புகை, கட்டண ரசீது, அனுமதி ஆணை அனைத்தையும் பட்டாவோடு ஒரே உறையில் வைத்துப் பாதுகாத்து வாருங்கள். நாளை நிலம் பிள்ளைகள் கைக்குப் போகும்போது, கொட்டகையோடு அந்த உறையும் அவர்களுக்குச் சேரட்டும்.